அரை விரல் தூரத்தில் ஏழு வோல்ட்

ஆனைமலைக்குப் போகும் வழியில் மாமாவுக்கு ஒரு தென்னந்தோப்பு. பொங்கலுக்கு முந்தின வாரம் அங்கே தங்கிவிட்டு, விடியக்காலையில் கோவைக்குக் கிளம்பலாம் என்று காரில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ‘டக்’. அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் ஒரே ஒரு ‘டக்’. ஹெட்லைட்டைப் போட்டால் கடைசி வரிசை மரம் வரைக்கும் வெளிச்சம் பாய்கிறது. ஹாரனை அழுத்தினால் அடுத்த தோட்டத்து நாய் எழுந்து குரைக்கிறது. வண்டி மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது.

பால் ஊற்ற வந்தவர், “செல்ஃப் மோட்டார் போயிருக்குமுங்க” என்றார். தேங்காய் போட வந்தவர், “பேட்டரி டவுனுங்” என்றார். பேட்டரி மாற்றி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் புதிது வாங்கிவிடலாமா என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மாமா நாற்பது வருஷமாகப் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கார் மெக்கானிக் இல்லை. ஆனால் மோட்டார் ரூமில் தொங்கும் மஞ்சள் நிற மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் குமிழ் மேல் வைத்தார். இன்னொரு முனையை அந்தக் குமிழைக் கவ்விப் பிடித்திருக்கும் கிளாம்பின் மேல் வைத்தார். இரண்டு முனைக்கும் நடுவே அரை விரல் தூரம்கூட இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிற இரண்டு உலோகத் துண்டுகள். அங்கே அளப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. மீட்டரும் பூஜ்யம்தான் காட்டியது.

“சாவியத் திருப்பு கண்ணு. நாஞ் சொல்ற வரைக்கும் உட்றாத.”

திருப்பினேன். ‘டக்’.

“இங்க நிக்குது. எறங்கி வந்து பாரு.”

காலேஜ் போகும் அவருடைய பேரனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் போய்க் குனிந்து பார்த்தேன். பேரன் சாவியைத் திருப்பியதும் பூஜ்யத்தில் இருந்த எண் 7.4-க்கு ஏறி நின்றது. விட்டதும் பூஜ்யம். திருப்பினால் 7.4.

“பன்னெண்டு வோல்ட்டுல ஏழ இந்த எடமே தின்னுபோடுது. மோட்டாருக்கு மிச்சம் என்னத்தப் போயிச் சேரும்? தொட்டுப் பாரு.”

தொட்டேன். கிளாம்ப் சுட்டது.

ஸ்பேனர் போட்டுக் கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஊற்றினார், நுரைத்துக்கொண்டு கரைந்தது. உப்புத்தாளால் இரண்டு பக்கத்தையும் பளபளவென்று தேய்த்து, மறுபடி இறுக்கி, வாசலின் தடவினார். மீட்டரை அதே இரண்டு இடத்தில் வைத்துத் திருப்பச் சொன்னார். 0.06 வோல்ட். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கோவை வரும் வரைக்கும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த ஒரு இடம் அவ்வளவு கெட்டுப்போயிருந்தால் ஹெட்லைட் எப்படி எரிந்தது?

விடை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் ஓம் 1827-இல் வெளியிட்ட கணக்கு. ஒரு தடையின் வழியாக மின்னோட்டம் போகும்போது அங்கே இழக்கப்படும் வோல்ட் எவ்வளவு? ஓடும் ஆம்பியரைத் தடையின் ஓமால் பெருக்கினால் வருவது. பூத்துப்போன அந்தக் கிளாம்பின் தடை வெறும் 0.05 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் எடுக்கும். 10-ஐ 0.05-ஆல் பெருக்கினால் அரை வோல்ட். பன்னிரண்டில் அரை போனால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டார்ட்டர் மோட்டாரோ இன்ஜினை அசைக்க 150 ஆம்பியர் கேட்கும். 150-ஐ அதே 0.05-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏழரை வோல்ட். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்ஸ். ஏழரையும் நூற்றைம்பதும் சேர்ந்து 1,125 வாட்ஸ். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூடு மொத்தமும் சுண்டுவிரல் தடிமன் உள்ள அந்தக் குமிழில் இறங்குகிறது. சுடாமல் என்ன செய்யும்?

அந்த 0.05 ஓமை நேராக அளந்துவிடலாமே என்றால், முடியாது. சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு ஒயருக்குமே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. வண்டி சும்மா நிற்கும்போது ஓம் வைத்துப் பார்த்தால் அந்த இணைப்பு நல்லதாகத்தான் தெரியும். வேலை கொடுத்து, அந்த நேரத்தில் வோல்ட் வைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். மாமா செய்தது இதைத்தான். கார் எலக்ட்ரீசியன்கள் ‘வோல்ட்டேஜ் டிராப்’ பார்ப்பது என்று சொல்லும் இந்த ஒரு பரிசோதனையைக் கற்றுக்கொண்டால் காரின் மின்சாரக் கோளாறுகளில் பெரும்பகுதியை நாமே தேடிப் பிடித்துவிடலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

கொங்கு நாட்டில் இதைப் புரியவைப்பது எளிது. கிணற்று மோட்டாரும் சொட்டுநீர்க் குழாயும் தெரிந்தவர்களுக்கு வோல்ட் என்பது தண்ணீரின் அழுத்தம், ஆம்பியர் என்பது குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு, ஓம் என்பது குழாயின் இறுக்கம் என்று சொன்னால் போதும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தோட்டம் வரைக்கும் மெல்லிய ஒயரை இழுத்துவிட்டு, கடைசியில் மோட்டார் ஓடாமல் உறுமுவதைக் கேட்டவர்கள்தானே நாம். ஒயரே வோல்ட்டைத் தின்றுவிடும் என்பது இங்கே விவசாயிக்குப் புத்தகத்தில் படித்த செய்தி கிடையாது.

ஆனால் தண்ணீர் உவமை ஓர் இடத்தில் நின்றுவிடும். வாய்க்காலில் பாய்ந்த தண்ணீர் வயலில் ஊறிப்போகும். கிணற்றுக்குத் திரும்பி வர வேண்டிய அவசியமில்லை. மின்சாரம் திரும்பி வந்தே ஆக வேண்டும். பிளஸ்ஸில் கிளம்பி விளக்குக்கோ மோட்டாருக்கோ போனது மைனஸுக்கு வந்து சேரவில்லை என்றால், கிளம்பவே கிளம்பாது. கார் செய்கிறவர்கள் திரும்பி வருவதற்கென்று தனி ஒயர் போட்டுச் செம்பை வீணாக்குவதில்லை. வண்டியின் இரும்பு உடம்பு முழுவதையுமே திரும்பும் வழியாக வைத்துக்கொள்கிறார்கள். ‘எர்த்’ என்று பட்டறைகளில் சொல்வது அதைத்தான். மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கார் ரப்பர் டயரில்தான் நிற்கிறது. பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாக மினுக்குவது, ஹெட்லைட் போட்டால் மீட்டர் முள் ஆடுவது என்று பேய் பிடித்த மாதிரி ஒரு வண்டி நடந்துகொண்டால், எங்கோ ஒரு எர்த் போல்ட் துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் இன்னொரு விளக்கின் இழைக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு வீடு வந்து சேரப் பார்க்கிறது.

அந்தப் பயணத்தின் வேகம் எவ்வளவு தெரியுமா? ஹெட்லைட் ஒயர் இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு என்றும், அதில் 5 ஆம்பியர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், எலக்ட்ரான்கள் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் நகர்கின்றன. ஒயரின் நீளம் மூன்று மீட்டர் என்றால், அதன் ஒரு நுனியில் நுழையும் ஓர் எலக்ட்ரானுக்கும் மறு நுனிக்கும் நடுவே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் பயணம் இருக்கிறது. கோவையில் விளக்கைப் போட்டுக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினால், நாம் சேலத்தைத் தாண்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் போகும்போதுதான் அந்த எலக்ட்ரான் மூன்று மீட்டரைக் கடந்திருக்கும். பிறகு சுவிட்ச் போட்டவுடன் எப்படி எரிகிறது? ஒயர் முழுக்க ஏற்கெனவே எலக்ட்ரான்கள் நிறைந்து நிற்கின்றன. தள்ளல்தான் உடனே பரவுகிறது, தண்ணீர் நிறைந்த குழாயின் ஒரு நுனியில் மோட்டார் ஓடியதும் மறு நுனியில் தண்ணீர் கொட்டுகிற மாதிரி. இதை முதல் முறை கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ‘டக்’ சத்தத்துக்கு வருகிறேன்.

ஒரு காலத்தில் காரையும் லாரியையும் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் எடுத்தார்கள். இன்ஜின் பின்னுக்கு உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1912-ஆம் ஆண்டு கேடிலாக் காரில் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதைச் செய்த சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கும் கல்லா இயந்திரத்துக்கு மின்மோட்டார் செய்தவர். கல்லாவை ஒரு நொடி திறந்து மூட மோட்டார் நாள் முழுதும் ஓட வேண்டியதில்லை. அந்த ஒரு நொடிக்குத் தாங்கினால் போதும். அதே எண்ணத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். நிமிஷக்கணக்கில் ஓடினால் வெந்துவிடக்கூடிய சின்ன மோட்டார், மூன்று நொடிக்கு மட்டும் தன் சக்திக்கு மீறி உழைக்கிறது. அதனால்தான் 150 ஆம்பியர்.

அவ்வளவு மின்னோட்டத்தைச் சாவித் துளைக்குள் கொண்டுவர முடியாது. ஒயர் கட்டைவிரல் தடிமன் ஆகிவிடும். சாவி ஒரு சின்ன மின்னோட்டத்தைத்தான் அனுப்புகிறது. அது ஒரு செம்புச் சுருளுக்குப் போக, சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்க, தண்டு இரண்டு தடித்த செம்புத் துண்டுகளை இணைக்கிறது. அந்த இணைப்பின் சத்தம்தான் ‘டக்’. அது கேட்டது என்றால் சாவி நன்றாக இருக்கிறது, சுருள் நன்றாக இருக்கிறது, அதுவரைக்கும் வழி திறந்திருக்கிறது. ஒரே ‘டக்’ என்றால் பெரிய வழியில் அடைப்பு, அல்லது மோட்டாரே பழுது. ‘டகடகடக’ என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் தெம்பு இல்லை. தண்டை இழுத்ததும் வோல்ட் விழுந்து, தண்டு விடுபட்டு, வோல்ட் ஏறி, மறுபடி இழுக்கிறது. சத்தமே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

இந்தச் சுருளின் தம்பிகள்தான் பியூஸ் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ரிலேக்கள். தீப்பெட்டியை விடச் சின்னது, நான்கு கால். காலுக்கு அருகே 85, 86, 30, 87 என்று எண்கள். பல நாட்டு வண்டிகளிலும் இதே எண்கள்தான். 85-க்கும் 86-க்கும் நடுவே சுருள். அதில் ஓர் ஆம்பியரில் ஏழெட்டில் ஒரு பங்கு ஓடினால் போதும், 30-க்கும் 87-க்கும் நடுவே 30 ஆம்பியர் ஓட வழி திறந்துவிடும். ஹாரன் வேலை செய்யவில்லையா? பக்கத்தில் அதே மாதிரி ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத பரிசோதனை அது.

ஹாரனையும் விட மனமில்லை. மின்காந்தம் ஒரு தகட்டை இழுக்கிறது, இழுபட்ட தகடு தன்னுடைய மின்சார வழியையே துண்டித்துவிடுகிறது, காந்தம் விடுகிறது, தகடு திரும்புகிறது, வழி மறுபடி சேர்கிறது. இது நொடிக்குச் சுமார் நானூறு தடவை நடந்தால் அது ஹாரன் சத்தம். ஹாரன் செய்வதில் பேர் வாங்கிய ரூட்ஸ் நம்ம கோவைக் கம்பெனி. டேஷ்போர்டு மீட்டர்கள் செய்யும் பிரிக்காலும் மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்ததுதான். நாம் ஓட்டும் வண்டியின் உறுப்புகள் பல நம் பக்கத்துத் தெருவில் பிறந்தவை. இருந்தும் பானெட்டைத் திறக்க நமக்குப் பயம்.

இந்த ஊருக்கு அந்தப் பயம் பொருந்தவே பொருந்தாது. கலங்கல் என்ற கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி அவர் முதலில் செய்த வேலை, அதைக் கழற்றிப் போட்டது. ஒவ்வொரு உறுப்பும் எதற்கு என்று கழற்றிப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை விட்டார், அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது. 1930-களில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்து கோவையின் மில்களை ஓட்டத் தொடங்கியது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அவரும் சேர்ந்து மின்மோட்டாரை உள்நாட்டிலேயே செய்தார்கள். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். மாமாவின் காயில் கட்டும் தொழிலுக்கும், நம் வீட்டு வெட் கிரைண்டருக்கும், பம்ப்செட்டுக்கும் வேர் அங்கே இருக்கிறது. 1941-இல் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார்.

எனக்கு அவரிடம் எல்லாவற்றையும் விடப் பிடித்தது வேறொன்று. சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் 1945-இல் கோவையில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு நாயுடுதான் முதல் முதல்வர். இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி., அதுதான். நான்கு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணடிப்பது, அதே பாடத்துக்கு இரண்டு வருஷம் போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகிவிட்டார். கையில் பொருளை வைத்துக்கொண்டு கற்றால் சீக்கிரம் கற்கலாம் என்று மோட்டார் சைக்கிளைக் கழற்றியவருக்குத் தெரிந்திருந்தது. அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும், அதே வளாகத்தில் 2015-இல் திறந்த கார் மியூசியத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இப்போது அந்த ரோட்டின் மேலே பத்து கிலோமீட்டர் நீளத்துக்கு அவர் பெயரிலேயே பாலம் ஓடுகிறது.

“அதெல்லாம் அம்பாசடர் காலமுங்க. இப்ப வண்டிக்குள்ள கம்ப்யூட்டர்” என்று சொல்வார்கள். உண்மைதான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு சின்னக் காரிலும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் பல இருக்கின்றன. ஆனால் அந்தப் பெட்டிக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் பாதி போய்விடும். அதற்குச் சூடு தெரியாது, காற்று தெரியாது, பெட்ரோல் வாசனை தெரியாது. அதற்குத் தெரிந்தது வோல்ட் ஒன்றுதான்.

இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். விரல் நீளம், உள்ளே ஒரு சின்ன மணி, சூடு ஏற ஏறத் தடை குறையும் பொருளால் ஆனது. காலைக் குளிரில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் சில நூறு ஓமுக்கு இறங்கிவிடும். பெட்டி தன்னிடமிருந்து 5 வோல்ட்டை, தனக்குள் இருக்கும் ஒரு நிலையான தடை வழியாக இந்தச் சென்சாருக்கு அனுப்புகிறது. இரண்டு தடைகளும் அந்த 5 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சென்சாரின் பங்கு எவ்வளவு என்று பெட்டி பார்க்கிறது. பங்கு பெரிதென்றால் இன்ஜின் குளிர், சிறிதென்றால் சூடு. பூத்துப்போன கிளாம்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் 12 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டதே, அதே ஓம் கணக்கு. அங்கே பழுதாக இருந்தது இங்கே கண்ணாக இருக்கிறது.

இப்போது அந்த ஒயர் அறுந்துபோனால்? மின்னோட்டம் ஓடாது, பங்கும் கிடையாது, 5 வோல்ட் முழுசாக அங்கேயே நிற்கும். பெட்டியின் கணக்கில் அது சைபீரியக் குளிரைவிடப் பெரிய குளிர். உடனே செக் லைட் எரியும். பல வண்டிகளில் ஃபேன் நிற்காமல் சுற்றும், ஏதோ தவறு என்று தெரிந்த பெட்டி இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும் வழி அது. நண்பர் ஒருவரின் காரில் இதுதான் நடந்தது. ஸ்கேன் செய்த இடத்தில் பி0118 என்று வந்தது. சென்சார் போச்சு என்று மாற்றினார்கள். செக் லைட் போகவில்லை. இன்னொரு சென்சார் மாற்றினார்கள். போகவில்லை. கடைசியில் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பி0118 என்ற எண்ணின் பொருள் என்ன? சூட்டு சென்சாரின் வழியில் வோல்ட் அதிகமாக இருக்கிறது. அவ்வளவுதான் அது சொல்கிறது. சென்சார் கெட்டது என்று எங்கும் சொல்லவில்லை. சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி, ஒரு துண்டு ஒயரால் அதன் இரண்டு துளையையும் இணைத்துப் பார்த்தோம். வோல்ட் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழவில்லை. அப்படியென்றால் அறுந்தது சென்சாருக்கும் பெட்டிக்கும் நடுவே எங்கோ. சாக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, டேப் சுற்றிய இடத்துக்குள் ஒயர் அறுந்திருந்தது. அந்த எண்ணைத் திரையில் பார்த்தவர்கள், அது வோல்ட்டைப் பற்றிப் பேசுகிறது என்று மட்டும் தெரிந்திருந்தால் இரண்டு சென்சாரின் காசு மிச்சம். இதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த எண்ணைப் படிக்க இப்போது பட்டறைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு துளை சாக்கெட் ஒன்று இருக்கும். சின்ன ஸ்கேனரை அதில் செருகினால் போன் திரையிலேயே எல்லாம் தெரியும். பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் வோல்ட் மொழிதான். 1986-இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறையில், முறுக்கிவிட்ட இரண்டு ஒயர் போதும். பேசாதபோது இரண்டிலும் இரண்டரை வோல்ட். பேசும்போது ஒன்று மூன்றரைக்கு ஏற, இன்னொன்று ஒன்றரைக்கு இறங்கும். அந்த இரண்டு ஒயரின் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று வைத்திருப்பார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் 6-ஆவது, 14-ஆவது துளைகளுக்கு நடுவே கேன் வரும் வண்டிகளில் ஓம் பார்த்தால் 60 காட்ட வேண்டும். இரண்டு 120 பக்கவாட்டில் சேர்ந்தால் 60. 120 காட்டினால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூடக் கணக்கு, காரின் நரம்பு மண்டலம் முழுவதையும் ஒரு நொடியில் சோதித்துவிடுகிறது!

தொடங்க என்ன வேண்டும்? சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும் பியூஸ் படம். முதல் வாரம் எதையும் கழற்ற வேண்டாம், அளந்துகொண்டே இருங்கள். ராத்திரி நின்ற வண்டியில் காலை 12.6 வோல்ட் இருக்கிறதா? செல்லுக்கு 2.1 வீதம் ஆறு செல், நிறைந்த பேட்டரி அவ்வளவு காட்டும். 12-க்கு வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. நல்ல நிலையில் இருக்கும் வண்டியின் எண்கள் உங்களுக்கு மனப்பாடம் ஆனால்தான் கெட்டபோது எது மாறியது என்று தெரியும்.

சிலவற்றைத் தொடவே கூடாது. மஞ்சள் சாக்கெட் என்றால் ஏர்பேக். மீட்டர் முனைகூட வைக்காதீர்கள். ஆரஞ்சு ஒயர் என்றால் எலக்ட்ரிக், ஹைபிரிட் வண்டியின் நூற்றுக்கணக்கான வோல்ட்; உயிர் போகும். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். மோதிரத்தையும் இரும்புப் பட்டை வாட்ச்சையும் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் பிளஸ்ஸுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே மாட்டிய மோதிரம் ஒரு நொடியில் பழுத்துவிடும்.

அன்றைக்குத் தோப்பிலிருந்து கிளம்பும்போது மாமா ஒரு பொட்டலம் கொடுத்தார். இரண்டு ஒயர் சால்டர் செய்த ஓர் இண்டிகேட்டர் பல்பு, 21 வாட்ஸ். “மீட்டரு சில சமயம் ஏமாத்திப்போடும். அப்ப இதப் போட்டுப் பாரு” என்றார். எண்ணே காட்டாத பல்பு எப்படி மீட்டரைவிட மேல் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து விளங்கியது. சிங்காநல்லூரில் வீட்டு வாசலில் நின்ற கார், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவே இல்லை. சாவியைப் போட்டதும் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் போடும் சத்தம் கேட்கவில்லை. சீட்டைத் தூக்கி, பம்ப் சாக்கெட்டைக் கழற்றி, வீட்டில் ஒருவரைச் சாவி போடச் சொல்லி மீட்டர் வைத்தேன். 12.3 வோல்ட். லைன் வருகிறது, அப்படியானால் பம்ப்தான் போய்விட்டது என்று முடிவுகட்டிப் பம்ப் விலைகூட விசாரித்துவிட்டேன். சாயந்தரம்தான் பல்பு ஞாபகம் வந்தது. அதே இரண்டு துளையில் பல்பை மாட்டிச் சாவி போடச் சொன்னேன். பளிச்சென்று எரிய வேண்டிய 21 வாட்ஸ் பல்பு, அணையப்போகும் பீடி நுனி மாதிரி சிவந்து மறைந்தது.

மீட்டர் அளக்கும்போது மின்னோட்டம் ஏறக்குறைய எடுப்பதே இல்லை. அதன் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். அதற்கு ஒரு நூலிழை வழி இருந்தால்கூட 12 வோல்ட்டும் வந்துவிடும். பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கிறது. வழி நூலிழைதான் என்றால் கேட்டதும் சிக்கிக்கொள்ளும். கிளாம்பை அளக்கும்போது மாமா சாவியைத் திருப்பச் சொன்னாரே, அதே வேலையை இந்தப் பல்பு செய்கிறது. (இதைக் கம்ப்யூட்டர் பெட்டியிலிருந்து வரும் சென்சார் ஒயர்களில் மட்டும் மாட்டக் கூடாது, இவ்வளவு மின்னோட்டம் அதற்குத் தாங்காது.)

தரைவிரிப்பைத் தூக்கி ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், கதவுப் படிக்கட்டு பிளாஸ்டிக்குக்கு அடியில், எலி கடித்து ரப்பர் போன இடம். இழைகள் எல்லாம் அறுந்து, பச்சை பூத்த ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தது. பேட்டரியின் மைனஸைக் கழற்றினேன். கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு, புது ஒயர் துண்டு சேர்த்து, சால்டர் வைத்து, சுருங்கும் உறையைச் சூடுகாட்டி மூடினேன். மைனஸை மாட்டிவிட்டு, பம்ப் சாக்கெட்டில் முதலில் பல்பை வைத்துச் சாவி போடச் சொன்னேன். கண் கூசியது.

பல்பை எடுத்துவிட்டுச் சாக்கெட்டைப் பம்ப்பில் மாட்டி, நானே போய்ச் சாவியை ஒரு பல் திருப்பினேன். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘ஙொய்ய்ய்’ என்று இரண்டு நொடி சத்தம் வந்து நின்றது.